கூட்டம் வருது, நிக்க மாட்டேங்குது

கன்னியாகுமரியில் சீசன் என்றால் கார்த்திகை முதல் தை வரை ஐயப்ப சாமிமார். பிறகு சித்திரை, வைகாசியில் பள்ளி லீவு. அந்த வருமானத்தில்தான் மீதி மாதங்கள் ஓடும். சங்கும் பாசிமாலையும் விற்ற என் மைத்துனர் போன வருஷம் கடையை விட்டுவிட்டார். “கூட்டம் வருது அத்தான், நிக்க மாட்டேங்குது” என்றார்.

உண்மைதான். நாலுவழிச் சாலையில் வந்து, உதயம் பார்த்து, படகேறி, மத்தியானமே கிளம்பிவிடுகிறார்கள். முன்பு அஸ்தமனமும் பார்த்து ராத்தங்குவார்கள். சித்திரைப் பௌர்ணமிக்கு அறையே கிடைக்காது.

2024 டிசம்பரில் கண்ணாடிப் பாலம் திறந்தார்கள். நானும் நடந்தேன், கால் கூசியது! ஆனால் படகு நின்றால் அதுவும் முடிந்தது. இருட்டிய பிறகு குடும்பத்தோடு உட்காரச் சுத்தமான கரையும், பூட்டாத கழிப்பறையும்தான் முதலில் வேண்டும் என்பேன். தங்குகிறவர்தானே சாவகாசமாகக் கடை ஏறுவார்?

மைத்துனர் இப்போது நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறார்.