காடைக்குத் தனிக் கொட்டகை வேண்டும்

கோழி வளர்ப்போர் பலருக்குக் காடையின் மீது ஓர் ஆசை உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. 1974ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிலிருந்து உத்தரப் பிரதேசத்தின் இசத்நகருக்குக் கொண்டுவரப்பட்ட ஜப்பானியக் காடை, 17, 18 நாள்களில் பொரிக்கிறது. ஐந்து வாரத்தில் விற்பனைக்கு வருகிறது. ஏழாவது வாரத்தில் முட்டையிடத் தொடங்குகிறது. மாதத் தவணையைக் கணக்கிட்டு வாழும் குடும்பத்திற்கு இவ்வளவு விரைவாகப் பணம் திரும்பும் தொழில்கள் குறைவு. ஆகவே, இருக்கும் கோழிக் கொட்டகையிலேயே ஒரு மூலையில் காடைகளையும் விட்டுவிட்டால் கட்டுமானச் செலவு மிச்சம் என்ற எண்ணம் எளிதில் எழுகிறது. இந்தச் சிக்கனம் வேண்டாம் என்பதே நமது கருத்து.

காடை நோய் தாங்கும் பறவை, அதற்குத் தடுப்பூசியும் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே இந்தத் துணிச்சல் வளர்ந்திருக்கிறது. அச்சொல்லில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதியில்தான் இடர் இருக்கிறது. வெள்ளைக்கழிச்சல் என நாம் அறிந்த இராணிக்கெட் நோய்க் கிருமி காடையின் உடலில் புகுந்தால், பறவை பெரிதாக வாடாமலே இருக்கக்கூடும். ஆனால் எச்சத்தின் வழியே கிருமியை வெளியேற்றிக்கொண்டிருக்கும். தடுப்பூசி தவறிய கோழி பக்கத்தில் நின்றால் அதற்குத் தப்ப வழியில்லை.

எதிர்த் திசையிலும் நோய் வரும். முகம் வீங்கி, மூக்கில் நீர் வடியும் கொரைசா என்னும் சளி நோயிலிருந்து தேறிய கோழி, பார்வைக்கு நலமாகத் தோன்றும்; ஆயினும் கிருமியைச் சுமந்தபடியே திரியும். அது அலகை நனைத்த தண்ணீரைக் காடை குடித்தால் போதும். இந்த நோயில் பறவைகள் பெரும்பாலும் சாவதில்லை, முட்டைதான் குறைகிறது. பறவை இறந்தால் மட்டுமே பணம் தரும் காப்பீடு, குறைந்துபோன முட்டைக்கு எதுவும் தராது. தவணை மட்டும் உரிய நாளில் வந்து நிற்கும். கடனாளி முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது இந்த இழப்பையே.

தீவனமும் ஒத்துவராது. வளரும் காடைக்கு ஏறத்தாழ 24 விழுக்காடு புரதம் வேண்டும். முட்டைக்கோழிக்கு 16 முதல் 18 வரை போதும். முட்டைக்கோழித் தீவனத்திலுள்ள மிகுதியான சுண்ணாம்புச் சத்து இளங்காடைக்குக் கேடு. கோழி இரவில் உயரத்தில் அடையும். காடை தரையிலேயே கிடக்கும். மேலிருந்து விழும் எச்சம் எங்கே சேரும் என்று சொல்ல வேண்டியதில்லை. இருநூறு கிராம் பறவையைக் கோழி கொத்தத் தொடங்கினால் அதை விலக்கிவிட ஆள் எப்போதும் இருக்கவும் முடியாது.

நடுவே கம்பிவலை கட்டிவிட்டோம் என்பார்கள் சிலர். வலை கொத்துவதைத் தடுக்கும். தூசியையும் சளியையும் தடுக்காது.

நிலம் குறைவு, பணம் குறைவு என்னும் மறுப்பு நியாயமானதே. அதற்கு நாம் சொல்லும் வழி, பறவைகளின் எண்ணிக்கையைக் குறைப்பது. ஒரு கோழிக்கான இடத்தில் எட்டுப் பத்துக் காடைகளை வளர்க்கலாம் என்பதால், காடைக்கு வேண்டிய கொட்டகை சிறியதே. திட்ட அறிக்கையில் முதலில் அதற்குத் தொகை ஒதுக்குங்கள். குஞ்சுகளின் எண்ணிக்கையை மிஞ்சும் பணம் முடிவு செய்யட்டும். கடன் வழங்கும் அலுவலரும் பறவைகளை எண்ணுவதோடு நில்லாமல், இரண்டு கொட்டகைகளுக்கும் தனித்தனித் தண்ணீர்க் கலன்கள், தனிக் காலணிகள் உண்டா என்று கேட்க வேண்டும். ஒருவரே இரண்டையும் பராமரித்தால், காலையில் காடைகளை முடித்துவிட்டுக் கோழிகளிடம் செல்லட்டும். கோழிக் கொட்டகையில் மிதித்த காலோடு காடைகளிடம் திரும்ப வேண்டாம்.