பால் காயும் நேரத்தில் மூன்று வரி

பழைய பேப்பர் கடையில் எடைக்கு வந்து கிடக்கும் டைரிகளைப் புரட்டிப் பார்த்திருக்கிறீர்களா? ஜனவரி 1 அன்று ஒரு பக்கம் முழுக்க, அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து. மறுநாள் அரைப் பக்கம். பொங்கல் வருவதற்குள் நாலு வரி. அப்புறம் வெறும் தாள்தான்; நடுவில் எங்கோ ஒரு சலவைக் கணக்கு, யாருடையதோ ஒரு போன் நம்பர். ஆசை இல்லாமலா முதல் நாள் ஒரு பக்கம் எழுதினார்? அளவுதான் பிசகிவிட்டது. உற்சாகமான நாளில் வைத்துக்கொண்ட அளவு, காய்ச்சலில் கிடக்கிற நாளுக்கும் கல்யாண வீட்டிலிருந்து நடுராத்திரி திரும்புகிற நாளுக்கும் ஒத்துவராது. புதிதாக எதைப் பழகுவதென்றாலும், இருப்பதிலேயே மோசமான நாளில் எவ்வளவு முடியுமோ அதையே அளவாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பேன்.

நாட்குறிப்புக்கு நான் வைத்துக்கொண்ட அளவு மூன்று வரி. நேரம், காலையில் பால் காயும் நேரம். அடுப்பில் பாலை வைத்துவிட்டால் பொங்கும்வரை நகர முடியாது. எப்படியும் அங்கே நின்றாக வேண்டும். அடுப்பு மேடைக்குப் பக்கத்துச் சுவரில் ஆணியடித்து ஒரு நோட்டு, அதோடு நூல் கட்டிய பேனா. பேனாவைத் தேடிப் போகிற அரை நிமிஷத்தில் மனசு வேறு வேலைக்குப் போய்விடும், அதனால்தான் நூல். ‘ராத்திரி நல்ல மழை. கீழ்வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டது. தக்காளி 80 ரூபாய்.’ ஒரு நாளுக்கு இவ்வளவுதான். பால் பொங்கி வந்தால் வரி பாதியில் நிற்கும், நிற்கட்டும்.

இப்படிச் சின்னச் சேதிகளுக்கு என்ன அருமை என்று தெரிய ஆனந்தரங்கப் பிள்ளையைப் படிக்க வேண்டும். புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேக்ஸுக்குத் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். காதால் கேட்டதையும் கண்ணால் பார்த்ததையும் எழுதுவதாகச் சொல்லி 1736 செப்டம்பரில் தொடங்கியவர், 1761இல் காலமாகும் வரை அதை விடவில்லை. கப்பல் வந்தது, பீரங்கி போட்டார்கள், யார் யாரைப் பார்க்க வந்தார்கள், துரை என்ன சொன்னார் என்று எழுதிக்கொண்டே போகிறார். இடையிடையே குறிப்பே இல்லாத காலங்களும் உண்டு. ஆனாலும் அந்தக் காலத்துப் புதுச்சேரியைப் பற்றி எழுத வருகிற யாரும் அவரைத் தாண்டிப் போக முடியாது.

‘எத்தனை நாளில் பழகும்?’ என்று கேட்பவர்கள் 21 நாள் என்ற பதிலையும் கையோடு கொண்டு வருகிறார்கள். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் எழுதிய புத்தகத்திலிருந்து பரவிய கணக்கு அது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு புது முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்றுதான் அவர் சொன்னார். ‘குறைந்தது’ வழியில் உதிர்ந்துவிட்டது. நம் சித்த மருத்துவத்தின் மண்டலம் 48 நாள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் உடனிருந்தவர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, மதியச் சாப்பாட்டோடு என்று தினமும் நடக்கிற ஏதாவது ஒன்றோடு ஒரு சின்னச் செயலை அவர்கள் சேர்த்துச் செய்ய வேண்டும். யோசிக்காமலே அது நடக்கிற நிலை வர நடுத்தரமாக 66 நாள் என்று கணக்கு வந்தது. ஆனால் ஒருவருக்கு 18; இன்னொருவருக்கு, அந்த 12 வாரத்துக்கு அப்பாலும் கணக்கை நீட்டிப் பார்த்ததில், 254! அடுத்த வீட்டுக்காரருக்குப் பழகிவிட்டதே என்று மருக வேண்டியதில்லை. எனக்கு அதைவிட ஆறுதலான சேதி, ஒரு நாள் விட்டுப்போனதால் பழகுவது பெரிதாகத் தடைபடவில்லை என்பது.

என்னைப் போலவே மூன்று வரி எழுதும் அக்கா மகள் ஹாஸ்டலிலிருந்து கூப்பிட்டாள். “சித்தி, பரீட்சையில ஒரு வாரமா எழுதவே இல்ல. அதெல்லாம் இப்ப உக்காந்து எழுதிரட்டுமா?”

“வேண்டாம் கண்ணு. இன்னிக்குத் தேதியப் போட்டு எழுது.”

விட்டதையெல்லாம் பிடிக்க உட்கார்ந்தால் மூன்று வரி இருபத்தோரு வரியாகிவிடும். பிறகு நோட்டைப் பார்த்தாலே அலுப்பு வரும். அவளுக்கு அங்கே பால் காய்ச்சும் வேலை கிடையாது. மெஸ்ஸில் டீ டம்ளரோடு உட்கார்ந்ததும் எழுதுகிறாள். லீவுக்கு வீட்டுக்கு வந்தால் மெஸ்ஸும் இல்லை, எழுத்தும் மறந்துபோகிறது என்கிறாள். வீட்டுக்கென்று தனியாக ஒரு நேரம் வேண்டும். சாயங்காலம் அவள் அம்மா பூக்கட்ட உட்காரும் நேரம் தோதுப்படுகிறதா என்று இந்த லீவில் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.