கட்டை ஏறினாலும் கை நிற்காது!

கல்ச்சுரல்ஸுக்கு ரெண்டு நாள்தான் இருக்கு. பாடுறவங்க, "ஒரு கட்டை ஏத்திக்கலாமா?"ன்னு கேட்டா, பாட்டை அப்படியே மனப்பாடம் பண்ணினவர் கதி? அம்பேல்! மேஜர் ஸ்கேல் பழகினவருக்குக் கவலையே இல்லை.

மேஜர் ஸ்கேல்னா வேற ஒண்ணுமில்லை பாஸ், நம்ம சங்கராபரணத்தோட ஸ்வரங்கள்தான். ஒரே கம்பியில வாசிச்சா 2-2-1-2-2-2-1னு ஃப்ரெட் தாண்டணும். எல்லாக் கம்பியிலும் பரப்பி, ஜி மேஜர் வாசிங்க:

6, 5-வது கம்பிகள் (6தான் தடிமன்): 3, 5, 7-வது ஃப்ரெட்.
4, 3-வது கம்பிகள்: 4, 5, 7.
2, 1-வது கம்பிகள்: 5, 7, 8.

ரெண்டு ரெண்டு கம்பிக்கு ஒரே அமைப்பு. மூணே மூணுதான்! இதை அப்படியே 2 ஃப்ரெட் தள்ளுங்க. ஏ மேஜர் ரெடி. 5 கட்டை 6 கட்டை ஆயிடுச்சு; விரல் வரிசை மாறலை.

ஒரே கண்டிஷன்: 'ஸரிகம' பாடிக்கிட்டே வாசிக்கணும். இல்லேன்னா விரல் மட்டும்தான் பழகும், காது பழகாது. எளாவூர்ல இருந்து சென்ட்ரல் வர்ற ரயில்ல கிடாருக்கு இடமில்லையா? புத்தகத்து மேல விரலைத் தட்டி முணுமுணுங்க, போதும்.

வீட்டுப்பாடம்: 6-வது கம்பியில 8-வது ஃப்ரெட்ல தொடங்கினா எத்தனை கட்டை?