பழைய வில்லைப் பேணுவோம்

மாணவர்களே, ஜார்க்கண்ட் மாநிலத்துச் சந்தால், முண்டா, ஹோ ஆகிய பழங்குடி மக்களின் வாழ்வில் மூங்கில் வில்லுக்குத் தனியிடம் உண்டு. 1855ஆம் ஆண்டு சிதோ, கான்ஹூ என்னும் உடன்பிறந்தாரின் தலைமையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் துப்பாக்கிகளை எதிர்த்து நின்ற சந்தால் மக்கள் ஏந்தியது வில்லே. ராஞ்சியை அடுத்த சிற்றூரில் வளர்ந்த தீபிகா குமாரி, இளமையில் மூங்கில் வில்லால் பயின்றவர். 2010ஆம் ஆண்டு தில்லியில் நடைபெற்ற காமன்வெல்த் விளையாட்டில் தங்கம் வென்றவர். இத்தகைய பெருமையுடைய வில் வீட்டில் பழையதாகக் கிடந்தால், அதனை விறகென எண்ணுதல் தகாது. தூய்மை செய்து புதுப்பித்தல் வேண்டும். ஆயினும், புதுப்பித்தல் என்பது பளபளப்பூட்டுதல் அன்று என்பதே என் கருத்து.

முதலில் நாணைக் கழற்றிவிட்டு, உலர்ந்த துணியால் தூசியைத் துடைக்க வேண்டும். அழுக்கு இறுகியிருந்தால் நீரில் நனைத்து நன்கு பிழிந்த துணியால் துடைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்தால் மூங்கில் வறண்டு வெடிக்கக்கூடும். பின்னர், சிறிது பஞ்சை வில்லின் மீது மெல்லத் தடவிப் பாருங்கள். பஞ்சிழை சிக்கும் இடத்தில் கீறலோ சிலாம்போ இருக்கும்.

பலர் உப்புத்தாளை எடுத்து வில் முழுவதையும் தேய்த்துவிடுகின்றனர். இது பெருந்தவறு. மூங்கிலின் வலிய நார்கள் அதன் வெளித்தோலை ஒட்டியே செறிந்துள்ளன. அத்தோலைச் சுரண்டுவது வில்லின் உயிரைச் சுரண்டுவதாகும். மறுபக்கத்திலும் உரிந்து நிற்கும் பழைய மெருகை மட்டும், நார் ஓடும் திசையில் மென்மையாக நீக்கலாம். வளையும் தண்டின் விறைப்பு அதன் தடிமனின் முப்படியைப் பொறுத்தது. தடிமன் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், விறைப்பு நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடும். கைப்பிடியில் படிந்துள்ள கருமையையும் தேய்த்து அழிக்க வேண்டா. அது முன்னோர் கை பட்ட தடம்.

வண்ணம் பூசினால் வில் அழகுபெறும் என்பர் சிலர். உண்மைதான். ஆனால், வண்ணம் விரிசலையும் மூடி மறைக்கும். மறைந்த விரிசல் நாணை இழுக்கும்போது பிளந்தால், வில் மட்டும் முறிவதில்லை. எய்பவரின் முகமும் கண்ணும் காயமுறக்கூடும். ஆதலால், மூங்கிலின் இயல்பை மறைக்காத ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தடவி, மிகுதியைத் துடைத்தல் நன்று. எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போடலாகாது. அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்து உலர்த்த வேண்டும். இப்பணியைப் பெரியோர் துணையுடனேயே செய்ய வேண்டும்.

புதிய வில் கிடைக்கும்போது இத்துணை உழைப்பு எதற்கு என்று கேட்கலாம். புதிய வில் இலக்கை அடைய உதவும். பழைய வில்லோ அதைச் செய்தவரின் கைத்திறனையும் நமக்குக் கற்பிக்கும். விரிசல் கண்ட வில்லை ஒருபோதும் எய்யப் பயன்படுத்தலாகாது. அதனைத் துடைத்து, நாணின்றிச் சுவரில் மாட்டி வைக்கலாம். உழைத்த பொருளுக்கு ஓய்வளிப்பதும் அதனைப் பேணும் முறையே ஆகும்.