அடிமை விலங்கை அறுத்தது யார்?

பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் சில நல்ல மனிதர்கள் மனமிரங்கினார்கள், 1833இல் சட்டம் போட்டார்கள், அடிமைத்தனம் ஒழிந்தது. பாடப் புத்தகங்கள் சொல்லும் சரித்திரம் இதுதான். அந்த மனிதர்களின் பணியை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம். அடிமைகளின் நிலைமையைப் படிப்படியாகச் சீர்திருத்துவதென்று 1823இலேயே அதே பாராளுமன்றம் தீர்மானித்ததே! பிறகு பத்தாண்டு காலம் ஏன் தூங்கிற்று? அதைத் தட்டி எழுப்பியது யார்?

விடை ஜமைக்காத் தீவின் கரும்புத் தோட்டங்களில் இருக்கிறது.

அங்கே சுமார் 3 லட்சம் ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாக உழைத்தார்கள். சங்கு ஊதினால் வயலில் நிற்க வேண்டும். தாமதித்தால் சவுக்கு. கூலி கிடையாது. அவர்களில் ஒருவர் சாம் ஷார்ப். எழுதப் படிக்கத் தெரிந்தவர். கிறிஸ்தவ சபை ஊழியர். ஜெபக் கூட்டம் கலைந்த பிறகு ரகசியமாகப் பேசி, தோட்டம் தோட்டமாக மக்களைத் திரட்டினார். 1831 கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்ததும் ஒருவரும் வேலைக்குப் போவதில்லை. கூலி கொடுத்தால்தான் வேலை. இதுவே திட்டம். கரும்பு முற்றி வெட்டுக்கு நிற்கும் நேரம் அது. வெட்டாவிட்டால் முதலாளிக்கு நஷ்டம். உழைப்பவன் கையிலுள்ள ஆயுதம் எது என்று அந்த அடிமைகள் நன்றாகவே அறிந்திருந்தார்கள்!

டிசம்பர் 27 இரவு கென்சிங்டன் தோட்டத்தில் தீ எழுந்தது. வேலை நிறுத்தம் கலகமாயிற்று. சுமார் 60 ஆயிரம் பேர் அதில் சேர்ந்தார்கள். பட்டாளம் வந்தது, சில வாரங்களில் கலகம் அடக்கப்பட்டது. வெள்ளையரில் மாண்டவர்கள் 14 பேர். அடிமைகளிலோ மோதலில் 200 பேருக்கு மேல் மாண்டனர். பிறகு 300 பேருக்கு மேல் கொல்லப்பட்டனர். 1832 மே 23இல் ஷார்ப் தூக்கிலிடப்பட்டார்.

தோல்விதானே என்பார்கள். இல்லை என்கிறோம் நாம். தோட்ட முதலாளிகளுக்கு 11 லட்சம் பவுனுக்கு மேல் நஷ்டம். அடிமைகளை இனியும் அடக்கி வைத்தால் தீவே கைவிட்டுப் போகும் என்ற அச்சம் லண்டனைப் பிடித்தது. ஏனெனில் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்த ஹெய்தியில் 1791இல் எழுந்த அடிமைகள், 1804இல் சுதந்திர நாட்டையே அமைத்துவிட்டிருந்தார்கள். இங்கிலாந்தின் சாதாரண மக்களும் லட்சக்கணக்கில் மனுக்களில் கையெழுத்திட்டார்கள். ஷார்ப் தூக்கிலேறிய மறு ஆண்டே சட்டம் வந்தது.

ஆனால் சட்டத்தின் லட்சணம் என்ன? நஷ்ட ஈடு 2 கோடி பவுன், அதுவும் எஜமானர்களுக்கு! அதற்காக வாங்கிய கடனின் பாக்கி 2015இல்தான் தீர்ந்தது. விடுதலை பெற்றவர்களுக்கு ஒரு சல்லிக் காசும் இல்லை. 1834 ஆகஸ்ட் 1இல் விடுதலை என்று சொல்லிவிட்டு, 'பயிற்சிக் காலம்' என்ற பெயரில் மேலும் கூலியில்லா வேலை வாங்கினார்கள். அதுவும் 1838இல்தான் ஒழிந்தது. உடனே முதலாளிகள் வேறு கயிறு தேடினார்கள். கல்கத்தாவிலும் சென்னையிலும் ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். அதில் போனவர்களில் நம் தமிழ் உழவர்களும் உண்டு.

தோழர்களே! அடக்கப்பட்ட போராட்டம் வீண் போவதில்லை. ஷார்ப்பின் வேலை நிறுத்தம் அதற்குச் சாட்சி. சட்டம் வந்துவிட்டது என்று சங்கத்தைக் கலைத்துவிட்டு உறங்கவும் கூடாது. 'பயிற்சிக் காலம்' அதற்குச் சாட்சி.