தாய்க்கு ஓய்வு தருவது யார்?

தர்மபுரி மாவட்டத்து ஏழைப் பெண்களும் இன்று ஆஸ்பத்திரியில்தான் பிள்ளை பெறுகிறார்கள். நல்ல மாற்றம். ஆனால் ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுப்பதும் பெருகிவிட்டது. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் ஏறத்தாழ 45 ஆபரேஷன். தனியார் ஆஸ்பத்திரிகளில் 64. இதில் அவசியம் எத்தனை, பணத்தாசை எத்தனை என்பது தனியே விசாரிக்க வேண்டிய விஷயம். ஆபரேஷனுக்குப் பின் வீடு திரும்பும் தாயின் கதி என்ன என்பதே இன்று நமது கேள்வி.

மேல்தோல் பத்து நாளில் கூடிவிடும். உடனே, "ஆறிவிட்டதே, எழுந்து வேலையைப் பார்" என்கிறார்கள். ஆறியது மேலே மட்டும்தான். உள்ளே வயிற்றுச் சுவரையும் கருப்பையையும் அறுத்துத் தைத்திருக்கிறார்கள். அந்தச் சுவர் ஆறு வாரத்தில்கூடப் பழைய பலத்தை எட்டாது, மாதங்கள் ஆகும். ஆறு வாரமாவது பிள்ளையைவிடக் கனமான எதையும் தூக்காதே என்கிறார் டாக்டர். நிறைகுடம் 12, 15 கிலோ! பாலக்கோட்டுத் தக்காளிக் கூடையும், அரூர்ப் பக்கத்து மரவள்ளி மூட்டையும் அதைவிட லேசா? பாரம் சுமந்தால் பின்னால் குடலிறக்கம் வர இடமுண்டு. தையலில் சிவப்பு, சீழ், நாற்றம், காய்ச்சல் கண்டால் அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஓடினால் அன்றைய கூலி போயிற்று. போதாக்குறைக்குப் பத்தியம் என்று முட்டையையும் பருப்பையும், தண்ணீரையும்கூட மறுக்கிறார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். சோகை பிடித்த உடம்பில் புண் எப்படி ஆறும்?

1961-ல் மகப்பேறு உதவிச் சட்டம் வந்தது. 2017-ல் சம்பளத்துடன் விடுப்பு 26 வாரம் ஆயிற்று. தமிழக அரசு ஊழியப் பெண்களுக்கு 2021 முதல் 12 மாதம். வரவேற்கிறோம். மில் பெண்ணுக்கும் 26 வாரம் உண்டு. ஆனால் 80 நாள் வேலை செய்த கணக்கு வேண்டும். காண்டிராக்டர் பெயரையே ஏட்டில் ஏற்றாவிட்டால் அவள் எதைக் காட்டுவாள்? இன்று ஒருவர் வயலிலும் நாளை இன்னொருவர் வயலிலும் களை எடுப்பவளுக்கோ, விடுப்புத் தர எஜமானே இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான திட்டத்தில் ரொக்கமும் சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் கிடைக்கிறது. 26 வாரத்துக்குப் பங்கிட்டால் நாளுக்கு நூறு ரூபாய்கூடத் தேறாது. அந்தத் தொகைக்கு எந்தத் தாய் படுத்திருக்க முடியும்?

விவசாயத் தொழிலாளிப் பெண்ணுக்கும் 26 வாரக் கூலியைச் சர்க்கார் தரவேண்டும். விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகள் அடுத்த கிராம சபையிலேயே இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும். தீர்மானம் எழுதும் தோழர்கள் தங்கள் வீட்டுக் குடத்தைத் தாங்களே சுமக்கட்டும். இதற்குச் சர்க்கார் உத்தரவு தேவையில்லை. மில் சங்கங்கள் காண்டிராக்ட் பெண்களின் வருகைப் பதிவேட்டை இந்த மாதமே கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.