நாகைக் கரையின் கோபுரம்

நாகப்பட்டினம் என்றதும் காயாரோகணமும், அருகிலுள்ள நாகூரும் வேளாங்கண்ணியுமே நம் நினைவுக்கு வருகின்றன. அங்குப் பெரும் பௌத்தப் பள்ளியொன்று விளங்கியதை நம்மிற் பலர் அறியோம். கடாரத்தரசன் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் எழுப்பிய விகாரம் அது. பெருவுடையார்க்குக் கோயிலெடுத்த முதலாம் இராசராசனே அதற்கு 1006இல் ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாக ஈந்தான். மகன் இராசேந்திரன் அக்கொடையைச் செப்பேட்டிற் பொறிப்பித்தான். அவனே 1025ஆம் ஆண்டளவில் கடாரத்தின்மீது கடற்படை செலுத்தியதும் அரசியலின் விந்தையன்றோ! பகை மூண்டும் கொடை அழியவில்லை. 1090இல் முதலாம் குலோத்துங்கன் அப்பள்ளிக்கு உரியவற்றை மீண்டும் உறுதிசெய்தான்.

பின்னர்ப் போர்த்துகீசியர் வந்தனர். 1658இல் டச்சுக்காரரும், 1781இல் ஆங்கிலேயரும் நகரைக் கைக்கொண்டனர். செப்பேடுகள் டச்சு நாட்டு லெய்டன் நகரை அடைந்து, அவ்வூர்ப் பெயராலேயே வழங்கலாயின.

இத்தனை கொடிகள் மாறியும், கடலோடிகளுக்கு அடையாளமாய் ஒரு பௌத்தச் செங்கற் கோபுரம் கரையில் எஞ்சி நின்றது. எந்தப் போரிலும் அது விழவில்லை. 1867இல், அமைதிக் காலத்தில், சென்னை அரசின் இசைவு பெற்று இயேசு சபையார் அதனை இடித்தனர். தங்கள் கட்டடத்திற்குச் செங்கல் வேண்டியிருந்ததாம். அவ்வூர் மண்ணில் புதையுண்டு கிடந்து வெளிப்பட்ட புத்தர் செப்புத்திருமேனிகள் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் இல்லத்தார், சிறுவர்களை அங்கு ஒரு பகல் அழைத்துச் செல்வாராக.